திங்கட்கிழமை சுடாத போன்

அத்தியாயம் 6

போன் சில்லென்று இருந்தது. மிரானுக்கு அது பிடிக்கவில்லை.

முந்தின நாள் மாலையிலிருந்து அது அவளுடைய மேசை மேல்தான் கிடந்தது. காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். வெளியே சொக்சோ துறைமுகத்தின் மேல் பனி தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி எவ்வளவு குளிர்ந்திருந்ததோ, போனும் அவ்வளவுதான்.

"நோயாளி எப்படி இருக்கார், முதலாளி?" இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பியோடு தல்சு உள்ளே வந்தான்.

"காய்ச்சல் இல்ல."

"நல்ல செய்திதானே? டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்."

"காய்ச்சல் அடிக்குதுன்னு சொல்லித்தானே கொண்டுவந்து விட்டாங்க. இங்க ஏன் அடிக்கல?"

தல்சு மூன்று முறை போலீஸ் பரீட்சை எழுதித் தோற்றவன். பிறகு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். முப்பத்தைந்து வயதில் மிரானிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். "ரெண்டும் ஒரே வேலைதான். அதுல கதவைத் திறந்ததும் சிரிப்பாங்க, இதுல சிரிக்க மாட்டாங்க" என்பான்.

மிரான் சியோலில் ஒரு பேட்டரி சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன ஊரில், ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில், துப்பறியும் அலுவலகம் போட்டதற்கான காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தல்சு இதுவரை கேட்காத ஒரே கேள்வி அது.

போனைக் கொண்டுவந்தவர் போக்சுன். கால்வாய்க்கு அக்கரையில் ஒரு கணவாய் உணவகத்தில் மாலை வேலை பார்ப்பவர். ஐம்பத்தெட்டு வயது. போன் அவருடைய மகன் ஹன்சோலுடையது. போன இலையுதிர் காலத்தில் ஒரு கணவாய்ப் படகு கவிழ்ந்தது. மூன்று பேரின் உடல் கிடைக்கவில்லை. அந்த மூவரில் ஹன்சோல் ஒருவன்.

"அன்னிக்கு போன்ல சார்ஜ் இல்லம்மா" என்று நேற்று அவர் சொன்னார். "ஏறட்டும், வந்து எடுத்துக்கறேன்னு மேசையில சொருகிட்டுப் போனான். அன்னிலேர்ந்து நான் அதை இறங்க விடறதில்ல. வந்து கேட்டா நூறு இருக்கணுமில்ல?"

குளிர்காலம் தொடங்கியதும் போன் மாறிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தொட்டால் நெருப்பாகக் கொதிக்கிறது. நூறு இருந்த சார்ஜ் பாதிக்குக் கீழே கிடக்கிறது. போக்சுனுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது.

"யாரோ எங்கிருந்தோ இதைத் திறக்கறாங்க. யாரோ என்ன யாரோ? அவன்தான். அவனையும் என்னையும் விட்டா இதைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது. எந்தக் கரையில ஒதுங்கினானோ, எந்த ஆஸ்பத்திரியில பேர் தெரியாமக் கிடக்கானோ. அது கையில வச்சிருந்த சூடும்மா. எனக்குத் தெரியாதா?"

வருகிற வெள்ளிக்கிழமை மூன்று குடும்பங்களும் துறைமுகத்தில் கூடுகின்றன. மரணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடலைப் பார்த்துச் சோறு வைத்து, இறந்தவருக்குப் படைக்கும் முறைப்படி சோற்றின் நடுவே ஸ்பூனை நட்டு வைப்பார்கள்.

"நான் நட மாட்டேன்" என்றார் போக்சுன். "உயிரோட இருக்கறவன் சோத்துல ஸ்பூனை நட்டா அவன் எப்படிம்மா வீட்டுக்கு வருவான்? இவங்கப்பா கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு நிக்கிறார். போனை அணைச்சுத் தூரப் போடுங்கிறார். நீ கண்டுபிடிச்சு சொல்லு. திறக்கறது அவன் இல்லன்னா, நான் கையெழுத்துப் போடறேன்."

இவ்வளவுதான் வழக்கு. ஒரு போன் ஏன் சுடுகிறது?

மிரான் காப்பியைத் தொடவில்லை. போன் திரையில் விரலால் கோடு இழுத்து ஒரு வீடு வரைந்தாள். போக்சுன் சொல்லித்தந்த பூட்டு அது. ஹன்சோல் சின்ன வயதில் வரையும் வீடாம். போன் திறந்தது. பேட்டரி எதற்கெல்லாம் செலவானது என்ற பக்கத்துக்குப் போனாள்.

"சொல்லுங்க. வேவு பாக்கற ஆப்பா? கவிழ்ந்த படகோட ஓனர் வேலையா? வடகொரிய உளவாளியா?"

"ஒண்ணுமே இல்ல."

"உளவாளியாவது இருந்திருக்கலாம். பேப்பர்ல பேர் வந்திருக்கும்."

"யாரும் இதைத் திறக்கல. வெளியிலேர்ந்தும் நுழையல. ஆனா இதைப் பாரு." பழைய அறிவிப்புகளை அவள் மேலே தள்ளினாள். போன் அதிகம் சூடாகிவிட்டது, ஆறும் வரை சில வேலைகள் நிறுத்தப்படுகின்றன. மாலைக்கு மாலை அதே எச்சரிக்கை. "நடுநடுவுல ஒரு நாள் விட்டுப்போகுது பாரு. என்ன கிழமை?"

தல்சு குனிந்து பார்த்தான். "திங்கள். இதுவும் திங்கள். அட, பேய்க்கு வார விடுமுறை இருக்கு முதலாளி. எனக்குத்தான் இல்ல."

மிரான் போனின் உறையைக் கழற்றித் தனியாக எடுத்தாள். உறைக்கும் போனுக்கும் நடுவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பினாள். காய்ந்து கண்ணாடித் துண்டு போலாகிவிட்ட ஒரு சோற்றுப் பருக்கை. அதே ஊசியைச் சார்ஜ் துளைக்குள் விட்டுச் சுழற்றினாள். மெல்லிய பட்டு நூல் ஒன்று வந்தது. சிவப்பு.

போனைச் சமதளத்தில் வைத்து ஓரத்தை அழுத்தினாள். ஊஞ்சல் போல ஆடியது.

"பேட்டரி வீங்கியிருக்கு. ரொம்ப நாளா சூடு பட்டிருக்கு. இந்த போன் வேலை செஞ்சு சூடாகல, தல்சு. யாரோ இதைச் சூடாக்கறாங்க. அதுலதான் பேட்டரி கெட்டுப்போய் சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

"வாட்டறாங்களா? கணவாய் மாதிரியா?"

"கணவாய் மாதிரிதான். மெதுவா. வெளியிலேர்ந்து."

தல்சு சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். "அப்போ அந்தப் பையன்..."

மிரான் உறையைத் திரும்ப மாட்டினாள்.

"அந்தம்மாகிட்ட இப்பவே சொல்லிடலாமே."

"யாரும் திறக்கலன்னு மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்போ ஏன் சுடுதும்பாங்க. பாதி பதில் சொல்றதும், பையன் வருவான்னு சொல்றதும் ஒண்ணுதான்."

அவள் கோட்டைக் கழற்றவே இல்லை. கீழே ரிப்பேர் கடையில் நின்று, அந்த மாதிரி போனுக்கான புதுப் பேட்டரி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

கால்வாயைக் கடக்க ஒரு தட்டையான படகு உண்டு. எஞ்சின் கிடையாது. கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியை, கொக்கியால் மாட்டி, ஏறினவர்களே இழுக்க வேண்டும்.

"டிக்கெட்டும் எடுத்துட்டு வண்டியும் தள்ற ஊர் இது ஒண்ணுதான்" என்று தல்சு முனகிக்கொண்டே இழுத்தான். "என் சந்தேகத்தைச் சொல்லவா? அப்பன்காரர்தான்."

"ஏன்?"

"போன் செத்தா அந்தம்மா கையெழுத்துப் போட்டுடும். நேராக் கேட்டா கொடுக்க மாட்டாங்க. உடைச்சா சண்டை வரும். தானாச் செத்த மாதிரி இருக்கணும். மைக்ரோவேவ்ல வச்சிருப்பார்."

"மைக்ரோவேவ்னா ஒரே நாள்ல கதை முடிஞ்சிருக்கும். இது தினம் கொஞ்சம் கொஞ்சமா நடக்குது."

"சூப்புல விஷம் வைக்கற மாதிரி."

மிரான் மறுக்கவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போக்சுன் வாசலிலேயே நின்றிருந்தார். தாழ்ந்த கூரையுள்ள பழைய வீடு. போனை இரண்டு கையாலும் வாங்கி முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"சில்லுனு இருக்கே. என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா வச்சிருந்தேன்."

"சும்மா வச்சா இப்படியா ஆகும்?"

ஹன்சோலின் அறைக்குள் நுழைந்ததும் அவர்களுடைய மூச்சு புகையாகத் தெரிந்தது. வீட்டில் மற்ற இடத்தில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடியதால் தரை இளஞ்சூடாக இருந்தது. இங்கே காலுறையைத் தாண்டிக் குளிர் ஏறியது. மேசை, சார்ஜர், நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சட்டை. அவ்வளவுதான்.

"இந்த ரூமுக்கு வெந்நீர்க் குழாய் வரலையாக்கா?"

"வந்துச்சு. அவங்கப்பா அடைச்சுட்டார். ஆளில்லாத ரூமுக்கு எதுக்குச் சூடுன்னார்." போக்சுன் சட்டையின் கையை நேராக இழுத்துவிட்டார். "அப்புறம் இந்த வாசப்படியைக்கூட மிதிச்சதில்ல மனுஷன்."

"இந்த ரூம்ல யாராவது சாப்பிடுவீங்களா?"

"இங்கயா? எதுக்கு?"

"வீட்ல சிவப்புப் பட்டு ஏதாவது இருக்கா?"

"என்னம்மா, ஜோசியக்காரி மாதிரி கேக்கறே. எங்க கல்யாணத்துக்குத் தைச்ச பஞ்சுப் போர்வை ஒண்ணு இருக்கு. பெட்டியில கிடக்கு. அதை எடுத்து எவ்வளவோ நாளாச்சு."

"திங்கட்கிழமை நீங்க எங்க இருப்பீங்க?"

"எங்க இருப்பேன்? வீட்லதான். கடைக்கு லீவு."

தல்சு மிரானைப் பார்த்தான். மிரான் மேசையைப் பார்த்தாள்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போக்சுனின் கணவர் இன்தே. டவுன் பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடிந்து ஓட்டுநர் சட்டையோடு வந்திருந்தார். தோளில் பனி. அறை வாசலுக்கு வந்து, உள்ளே காலை வைக்காமல் நின்றார். மிரானையோ தல்சுவையோ அவர் பார்க்கவில்லை. போக்சுன் கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"நேத்து ராத்திரி இது எங்க இருந்துச்சு?"

"உங்களுக்கு என்ன அதைப்பத்தி?" என்றார் போக்சுன். "ரிப்பேர் பாக்கக் கொடுத்தேன்."

இன்தேயின் முகம் உடனே இறுகியது. "ரிப்பேரா? அணைச்சுப் போடுன்னு எத்தனை தடவை சொல்றேன். வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு வீட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பே?"

"எம் புள்ளைய நானே கடல்ல தள்ளணுங்கறீங்க. அதானே, ஹன்சோல் அப்பா?"

இன்தே திரும்பிப் போய் முன்னறையில் உட்கார்ந்து, அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிரான் போனை மேசையில் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள். "சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்க்கா. சார்ஜர் மட்டும் வேண்டாம்."

தெருவுக்கு வந்ததும் தல்சு காலரை உயர்த்திக்கொண்டான். "மனுஷனா, ஐஸ்பெட்டியா? கதவைத் திறந்தா லைட்டு எரியும்போல."

"அவர் கேட்டதை நல்லாக் கேட்டியா?"

"அணைச்சுப் போடுன்னார்."

"அதுக்கு முன்னாடி."

தல்சு நடையை நிறுத்தினான். "நேத்து ராத்திரி இது எங்க இருந்துச்சுன்னார்."

"போன் வெளியில போனதை அக்கா அவர்கிட்ட சொல்லவே இல்ல. அந்த ரூம் வாசப்படியை மிதிக்காதவருக்கு, ராத்திரி அது அங்க இல்லன்னு எப்படித் தெரியும்?"

"தேடியிருக்கார்!"

"தேடியிருக்கார். கிடைக்கல. தூங்கவும் இல்ல. அவர் கண்ணைப் பாத்தியா?"

"நான்தான் சொன்னேனே முதலாளி. விஷம் வைக்கறவன், கிண்ணத்தைக் காணோம்னா பதறத்தான் செய்வான்."

*

மாலையில் அவர்கள் போக்சுன் வேலை செய்யும் உணவகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். போன் மேசையை விட்டு நகர நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று தல்சு வாதாடி ஜெயித்திருந்தான்.

சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணங்கள் சோற்றோடு அடுக்கடுக்காகச் சூட்டில் இருந்தன. போக்சுன் இரண்டை எடுத்து அவர்கள் முன் வைத்துவிட்டுப் போனார். தல்சு அவசரமாக மூடியைத் தொட்டு, விரலை உதறி, சூடு தணியக் காது மடலைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பெட்டி வந்ததுலேர்ந்து சோத்துக்கு மரியாதை போச்சு. எங்க வீட்ல லேட்டா வர்றவனுக்குச் சோறு எங்க இருக்கும் தெரியுமா? தரையில. போர்வைக்கு அடியில. ஒரு தடவை இருட்டுல காலை நீட்டிப் படுத்தேன். குதிகால் போய் அப்பா சோத்துக்குள்ள நின்னுச்சு. அவர் வந்து என்னமோ ருசி கூடியிருக்கேன்னு சாப்பிட்டார்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மிரான் சிரிக்கவில்லை. அவள் சியோலில் அடுக்குமாடியில் வளர்ந்தவள். அங்கே தரை முழுக்க ஒரே சூடு. சோறு குக்கரில் இருக்கும்.

"எந்தத் தரையில?"

"அடுப்படிச் சுவரை ஒட்டின மூலையில. வெந்நீர் முதல்ல அங்கதான் வரும். வெறும் காலை வைக்க முடியாது, அப்படிச் சுடும். அந்த இடம் இன்னும் வீட்டுக்கு வராதவனுக்குத்தான். மூடி போட்ட கிண்ணத்துல சோத்தை வச்சு, மேல பஞ்சுப் போர்வையைப் போட்டு..."

அவன் பேச்சு தானாக மெதுவாகி நின்றது.

"சோத்துப் பருக்கை" என்றாள் மிரான்.

"சிவப்பு நூல்" என்றான் தல்சு.

அவர்களுக்குப் பின்னால் ஒரு தட்டு மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. போக்சுன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். அது அவிழ மறுத்தது. தலைவழியே உருவிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கினார்.

மிரான் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். "ஓடு, தல்சு. அவர் அதை எடுத்துப் பாப்பார், அவ்வளவுதான்னு நினைச்சேன். வீங்கின பேட்டரியை அந்தச் சூட்டுல வச்சா தீப்பிடிச்சுக்கும்."

*

வீட்டுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

போக்சுன் நடையிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த மிரானும் தல்சுவும் நின்றார்கள். படுக்கையறையின் இழுப்புக் கதவுக்கு அப்பால் ஒரே ஒரு குரல்தான். இன்தேயின் குரல்.

"...மேட்டுப் பள்ளிக்கூடத்துகிட்ட சக்கரம் வழுக்கிடுச்சுடா. ஒரு அம்மா முட்டையெல்லாம் போச்சுன்னு என்னைத் திட்டு திட்டுன்னு திட்டறா. உடைஞ்சது ஒண்ணே ஒண்ணு. நீ இருந்தா சிரிச்சிருப்பே. நேத்து உன்னைக் காணோம். பயந்துட்டேன்..."

போக்சுன் கதவை இழுத்தார்.

சுவரோர மூலையில் சிவப்புப் பட்டுப் போர்வை மடித்துப் போடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் தரையில் ஒட்டியிருந்த தாள் சுட்டுச் சுட்டுப் பழுப்பேறியிருந்தது. இன்தே அதன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை போர்வையின் மேல் இருந்தது. மனைவியைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்தார். பிறகு எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

மிரான் அவரைக் கடந்து போய்ப் போர்வையைத் தூக்கினாள். உள்ளே ஒரு வெண்கலக் கிண்ணம், மூடியோடு. அதை ஒட்டினாற்போல் போன். தன் கழுத்துத் துணியால் போனைப் பிடித்து எடுத்துக்கொண்டு நடையின் குளிர்ந்த சிமெண்டுத் தரைக்கு ஓடினாள். பின்மூடி ஒரு பக்கம் பிளந்து வாய் திறந்திருந்தது.

"நீங்கதானா" என்றார் போக்சுன்.

"ஆமா."

"அணைச்சுப் போடுன்னு சொன்ன வாய்தானே அது?"

"சொன்னேன். நீ வேலையை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம அதைப் போய்ப் பாக்கறே. அதைப் பாக்க என்னால முடியல."

"அப்புறம் இது என்ன?"

இன்தே தரையைப் பார்த்தே சொன்னார்.

"நான்தான் அந்த ரூம் குழாயை அடைச்சேன். அடைச்ச மறுநாள், நீ வேலைக்குப் போனதும், உள்ள போனேன். சும்மாதான் போனேன். அதைத் தொட்டேன். அப்படி ஒரு சில்லு." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் தண்ணியில விழுந்திருக்கேன், போக்சுன். கல்யாணத்துக்கு முந்தி, படகுல போனப்போ. உன்கிட்ட சொன்னதில்ல. தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பஸ்ஸுக்கு வந்தேன். அந்தக் குளிர் எப்படின்னு எனக்குத் தெரியும். அவன் அதுலதான்..."

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"குழாயைத் திறந்துவிட வேண்டியதுதானே" என்றார் போக்சுன். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது யார் மேல் என்று அந்தக் குரலுக்கே தெரியவில்லை.

"திறந்தா அவன் வருவான்னு ஆயிடும். நீ இன்னும் நம்புவே. நான் வெள்ளிக்கிழமை கையெழுத்துன்னு உன்னை விரட்டிக்கிட்டு, இங்க குழாயைத் திறந்தா எப்படி? அதனாலதான் இதை இங்க எடுத்துட்டு வந்தேன். நீ வர்றதுக்குள்ள திரும்ப வச்சுடுவேன். சோத்தை நானே சாப்பிட்டுடுவேன். தினமும் கிண்ணத்தைக் கழுவித்தான் வச்சேன்."

போக்சுன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"சுட்டுச்சே" என்றார். "கையில வாங்குனா சுட்டுச்சே. எம் புள்ளை கைன்னு நெனச்சேன்."

தல்சு தன் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தான்.

"அம்மாடி" என்று போக்சுன் திரும்பாமலேயே கூப்பிட்டார். "யாருமே திறக்கலையா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

மிரானுக்கு ஒரு நொடி பொய் தொண்டை வரை வந்தது. "இல்லக்கா" என்றாள்.

பிறகு அவள் தன் வேலையைச் சொன்னாள். வேலையைப் பற்றிப் பேசுவதுதான் அவளுக்குச் சுலபம். இந்தப் பேட்டரியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. புதுசு கொண்டுவந்திருக்கிறாள். மாற்ற வேண்டுமென்றால் போனை அணைக்க வேண்டும்.

"அணைச்சா உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா?"

"போகாது. எல்லாம் அப்படியே இருக்கும்."

போக்சுன் நடைக்கு வந்து குந்தி உட்கார்ந்தார். "நான் அணைக்கறேன்" என்றார். ஹன்சோல் விட்டுப்போன நாளிலிருந்து அது ஒருமுறையும் அணைந்ததில்லை. அவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. கறுத்த திரையில் அவர் முகம் தெரிந்தது. அவர் அதைத் திருப்பி வைத்துவிட்டார்.

மிரான் பழைய பேட்டரியை வெளியே எடுத்தாள். அது சின்னத் தலையணை போல உப்பியிருந்தது. தல்சு வாளியில் மணல் அள்ளி வந்து, அதை அதற்குள் புதைத்து, வாளியை முற்றத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்தான். கேலி ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தான்.

புதுப் பேட்டரி பொருந்தியது. போன் மெல்ல விழித்துக்கொண்டது. திரையில் ஹன்சோல் சிரித்தான். கையில் ஒரு கணவாய், மூக்கு நுனியில் அதன் மை.

போக்சுன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"இனிமே சுடாதா?"

"சுடாதுக்கா."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஸ்பூனோடு திரும்பிவந்து, கணவரின் எதிரில், அந்தப் பழுப்பேறிய தரையில் உட்கார்ந்தார்.

இன்தே கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குடு. நான் சாப்பிட்டுடறேன். வீணாக்கறதில்ல."

போக்சுன் கிண்ணத்தை அவரிடமிருந்து வாங்கினார். மூடியைத் திறந்தார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அவர் ஸ்பூனைத் திருப்பிப் பிடித்தார்.

அப்போதுதான் இன்தேவுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் கையெழுத்துப் போடு என்று விரட்டிய மனிதர், மனைவியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"இன்னிக்கு வேண்டாம்." அவர் குரல் உடைந்திருந்தது. "வேண்டாம், போக்சுன். வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம். எல்லாரோடயும்..."

"வெள்ளிக்கிழமை துறைமுகத்துல வச்சா ஆறிப்போயிடும்" என்றார் போக்சுன். "இன்னிக்குச் சூடா இருக்கு."

இன்தேயின் பிடி தளர்ந்தது.

போக்சுன் ஸ்பூனைச் சோற்றின் நடுவே நட்டார். அது சாயாமல் நின்றது.